சொத்தை இல்லாமலே விழும் பற்கள்

1970-ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. நார்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, பல்லை ஈறு எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் தமிழர்கள். 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்த குடும்பங்கள் குடியேறிய மலை அது. அங்கே பிரஷ், பேஸ்ட் புழக்கம் இல்லை. பல் மருத்துவரிடம் போகும் வழக்கமும் இல்லை. சொத்தைப்பல்லும் மிக அரிது.

அதே ஆட்களை 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பார்த்து, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லார் பல்லிலும் அழுக்குப் படலம் இருந்தது, அது கல்லாக இறுகிய காரை இருந்தது, ஈறு சிவந்து வீங்கியிருந்தது. ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறோடு நின்றுவிட்டது. பல்லின் பிடிப்பு தளரவில்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகத் தளர்ந்தது. மீதி 8 சதவீதம் பேருக்கு வேகமாக அரித்துக்கொண்டு போய், 45 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பற்களும் விழுந்துவிட்டன.

ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி துலக்காத வாய். விளைவு மட்டும் மூன்று விதம். அழுக்கு சேர்ந்தால்தான் ஈறு நோய் தொடங்கும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அவரவர் உடல்தான் பெரிதும் முடிவு செய்கிறது. ஈறில் பிரச்சினை என்றால் பல் மருத்துவர் போதுமா, ஈறு நிபுணரைப் பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. நான் எந்தக் கூட்டத்தில் இருக்கிறேன் என்று முதலில் தெரிய வேண்டும். கண்ணாடியில் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

ஏன் என்று புரிய, பல் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பல் தாடை எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்ணிய நார்கள், குழந்தையைத் தூளி தாங்குவதுபோல் பல்லைத் தாங்குகின்றன. அந்த நார்களுக்கு நடுவே இருக்கும் நரம்பு முனைகளால்தான் சோற்றில் கிடக்கும் சின்னஞ்சிறு மணல் துகளும் கடித்த மாத்திரத்தில் தெரிகிறது.

பல்லைச் சுற்றி ஈறு ஒரு மெல்லிய பள்ளம் விட்டு ஒட்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் கிருமிப் படலம் தங்கினால் ஈறு சிவக்கும், துலக்கும்போது ரத்தம் வரும். இதே லோ 1965-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இந்தக் கட்டம் வரை எல்லாம் மீளக்கூடியது. காரையைச் சுரண்டி எடுக்கும் ஒரு ஸ்கேலிங்கும் ஒழுங்கான துலக்கலும் போதும். இது வழக்கமான பல் மருத்துவர் செய்யும் வேலைதான்.

அடுத்த கட்டம் வேறு. வீக்கம் ஓயாமல் நீடித்தால், கிருமியை எதிர்க்க ஓடிவரும் நம் உடலின் எதிர்ப்புச் செல்கள் விடும் சமிக்ஞைகள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கீழே இறங்க, நார்கள் அறுந்து பள்ளம் ஆழமாகிறது. சொத்தையில் பல்லுக்குள் அடைபட்ட நரம்பு உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஈறுப் பள்ளமோ மேலே திறந்தே இருப்பதால், சீழ் கசிந்து வெளியேறிவிடும். பெரும்பாலும் வலியே தெரியாது. பல் ஆடும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. அதற்குள் பாதி எலும்பு போயிருக்கலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஈறு நோயை மறைக்கும் காரணம் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே அதன் எனாமலில் பழுப்புக் கறை ஏறிவிடுகிறது. இதனால் பல்லில் எந்தப் பழுப்பைக் கண்டாலும் தண்ணீர்க் கறை என்று விட்டுவிடத் தோன்றும். இரண்டையும் பிரித்தறியலாம். ஃபுளூரைடு கறை பல்லின் முகத்தில், இருபுறமும் ஒத்தாற்போல் இருக்கும், ஸ்கேலிங்கில் போகாது, ஈறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரை ஈறு ஓரமாகப் படியும். கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவினால் சொரசொரவென்று இருந்தால் அது காரை. அதை எடுத்தே ஆக வேண்டும்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. எலும்பு கரைந்த பல்லை, பக்கத்துப் பல்லோடு காரை ஒட்டவைத்துப் பிடித்திருக்கும். எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் சந்துகளும் தெரியும். ஆட்டத்துக்குக் காரணம் நோய்தான்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஈறில் ரத்தம் கசிவது குறைந்துவிடும். எச்சரிக்கை மணி அடிக்காமலே எலும்பு கரையும். சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் இருவழிப் பகை. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால், மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, எச்பிஏ1சி, சுமார் 0.4 புள்ளி வரை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஈறு நிபுணர் என்பவர் பி.டி.எஸ். முடித்தபின் ஈறு மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓட வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பல் மருத்துவரைத்தான். அவரிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அதை மெதுவாக இறக்கி ஆழம் பார்க்கலாம். 1 முதல் 3 மில்லிமீட்டர் என்றால் நலம். 4, 5 என்றால் ஆழமாகச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டாலோ, ஆரம்பத்திலேயே 6-ஐ எட்டினாலோ, எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இறங்கியிருந்தாலோ ஈறு நிபுணரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்வதும், இழந்த எலும்பை இயன்ற அளவு மீட்பதும் அவருடைய துறை.

சிலர் அளவுக்குக் காத்திராமல் நேரே போகலாம். முப்பது வயதுக்குள் பல் ஆடுகிறவர்கள், பற்கள் விலகி விரிந்துகொண்டே போகிறவர்கள், ஈறில் அடிக்கடி சீழ்க் கட்டி வருகிறவர்கள், பொருத்திய இம்பிளான்டைச் சுற்றி ரத்தமோ சீழோ காண்கிறவர்கள். அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரையாலோ, ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரையாலோ ஈறு தடித்து வளர்கிறவர்களும் போகலாம். ஆனால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் இதற்காகச் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டியதில்லை. சேலம் அரியானூரில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரியும், திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. எந்தப் பல் மருத்துவக் கல்லூரியானாலும் ஈறு மருத்துவத்துக்கென்று தனித்துறை உண்டு.

மலையகத்தின் அந்த 480 பேரில் 75 பேரை 2010-இல் மறுபடி கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். முப்பது வயதில் பல்லின் பிடிப்பு 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தளர்ந்திருந்தவர்களுக்கு, அறுபது வயதில் குறைந்தது இருபது பற்களோடு இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. முப்பது வருடம் கழித்து வரப்போவதை ஒரு சிறிய கம்பியின் அளவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தத் தொழிலாளர்களுக்கு அளந்து சொல்லவும், தடுத்து நிறுத்தவும் பக்கத்தில் மருத்துவர் இல்லை. நமக்கு இருக்கிறார்கள். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, "என் ஈறுப் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் டாக்டர்?" என்று கேளுங்கள். அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாரிடம் போவது என்பதை அது சொல்லும்.