ரெசிபி அழிந்தால் யார் பொறுப்பு?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் உயிர் மெஷினிலும் பாய்லரிலும் பாதிதான் இருக்கிறது. எந்த ஷேடுக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்ற ரெசிபி முழுக்க ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறது. பெரும்பாலும் மெஷினோடு வந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். மெஷின் விற்றவர் வெளியூரில் இருந்தபடியே பழுது பார்க்கட்டும் என்று இணைய வழியைத் திறந்து வைத்திருப்பார்கள். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று முதலாளியைக் கேட்டால், "கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பியைக் கேளுங்க" என்பார். அந்தத் தம்பி வேலையை விட்டுப் போயிருப்பார்.

பொறுப்பை இப்படித் தள்ளிவிடுவதன் விலை இந்த ஊருக்குத் தெரியும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடிய காலத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும் என்று பல பட்டறைகள் இருந்துவிட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. இன்று அந்தச் சுத்திகரிப்பிலும் தானியங்கிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அது முடங்கினால் அதை நம்பியிருக்கும் அத்தனை பட்டறைகளும் நிற்கும்.

அப்படி முடக்கும் தாக்குதல்கள் ஏற்கெனவே நடந்தவைதான். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை என்ற தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருள் வழியாகக் கிளம்பிய நாட்பெட்யா என்ற தீநிரல், மும்பை நவா சேவாவில் மெர்ஸ்க் கப்பல் குழுமத்தின் சரக்கு முனையத்தையே நிறுத்தியது. கப்பலை நம்பி ஷிப்மெண்ட் தேதி கொடுக்கும் நமக்கு அது வெளிநாட்டுச் செய்தி அல்ல.

நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் 2019 மார்ச்சில் தாக்கப்பட்டபோது, நிர்வாகமே முன்னால் வந்து நடந்ததை வெளிப்படையாகச் சொன்னது. பணம் தர மறுத்தது. பல ஆலைகளைக் கையால் இயக்கி வேலையை நடத்தினார்கள். நம் பட்டறையில் ரெசிபியின் அச்சுப் பிரதி ஒரு பீரோவில் இருக்கிறதா? நெட்வொர்க்கோடு இணைக்காத ஒரு டிஸ்க்கில் நகல் இருக்கிறதா? அதிலிருந்து ஒரு முறையாவது மீட்டுப் பார்த்தோமா? இவற்றுக்கு முதலாளி தானே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் அவரைத்தான் கேட்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு, நிறுவனம் சட்டத்தை மீறினால் அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரையும் குற்றவாளியாகக் கருதுகிறது. தனக்குத் தெரியாது என்றோ, உரிய கவனம் எடுத்தேன் என்றோ அவர்தான் நிரூபிக்க வேண்டும். பார்ட்னர்ஷிப் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

தொழிலாளரின் ஆதார், வங்கிக் கணக்கு, வருகைப்பதிவுக் கைரேகை எல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான் பல இடங்களில் இருக்கின்றன. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் அவர்களுக்குச் சொல்லக் கட்டளையிடுகிறது. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஏற்றுமதியாளர் அதிகம் பயப்பட வேண்டியது மெயிலுக்கு. பையரோடு நடக்கும் மெயிலுக்குள் நுழைந்து, இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். கணக்கு மாறியதாக மெயில் வந்தால், பழைய நம்பரில் போன் போட்டு மறுபக்கத்து ஆளின் குரலைக் கேட்காமல் பணம் நகரக் கூடாது. நம் அனுமதியில்லாமல் போன பணத்துக்கு ரிசர்வ் வங்கி விதிகள் தரும் பாதுகாப்பை, நாமே அனுப்பிய பணத்துக்குக் கேட்பது கடினம். அதனால் உடனே சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். பணம் அனுப்பியவர் வெளிநாட்டுப் பையர் என்றால் அவருடைய வங்கி திரும்பக் கேட்க வேண்டும்.

5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரிடம் மனு செய்யலாம். போலி மெயிலில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி, 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். உங்களுக்கு வந்த போலி மெயிலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரை ஃபார்மெட் செய்யவும் விடாதீர்கள். மனுவுக்கு அவைதான் சாட்சி.