நாக்கைப் பார்க்கும் முன் பால் குடிப்பதைப் பாருங்கள்

பிரசவமாகி மூன்றாம் நாள். குழந்தை மார்பில் வாய் வைத்ததும் தாய் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். காம்பு வெடித்துப் புண்ணாகியிருக்கிறது. அரை மணி நேரம் சப்பிய பிறகும் குழந்தை பசியில் அழுகிறது. வாயைத் திறந்து பார்த்த பாட்டி, "நாக்கு ஒட்டியிருக்கு, இப்படியே விட்டா பேச்சு வராது" என்கிறார். தர்மபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியோ பொம்மிடியோ, அந்த ஒரு சொல்லில் வீடே கலங்கிவிடும். சர்க்கரைத் தண்ணீர், புட்டிப்பால், நாக்கை 'எடுத்துவிட' ஆள் தேடுவது என்று அடுத்தடுத்துத் தவறு நடக்கும்.

நாக்கின் அடியில் மெல்லிய சவ்வு எல்லோருக்கும் உண்டு. அது குட்டையாகவோ தடித்தோ இருந்து, நாக்கை அசையவிடாமல் இழுத்துப் பிடித்தால்தான் நாக்கு ஒட்டு. அப்போதும் நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தையை ஒன்றும் செய்ய வேண்டாம். பேச்சு வராது என்ற பயத்தில் பச்சிளங்குழந்தைக்கு வெட்ட வேண்டியதில்லை. வெட்டினால் பின்னாளில் பேச்சுக் குறை வராது என்பதற்கு ஆதாரம் இல்லை.

எனக்கு வருத்தமாக இருப்பது, தாயின் வலியை யாரும் கணக்கில் எடுக்காததுதான். "முதல் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அவளை அடக்கிவிடுகிறோம். வலி தொடர்ந்தால் பெரும்பாலும் குழந்தை சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். கிராம சுகாதார செவிலியரையோ மருத்துவமனைச் செவிலியரையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு முறை முழுதாகப் பால் கொடுத்துக் காட்டுங்கள். வாய் அகலத் திறந்து, காம்போடு கருவளையத்தின் பெரும்பகுதியும் உள்ளே போக வேண்டும். பல வீடுகளில் பிடிக்கும் விதத்தை மாற்றினாலே சரியாகிவிடும். அதுவரை பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.

அதற்கும் வலி அடங்காவிட்டால் குழந்தை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். சவ்வை வெட்டுவது சில நொடி வேலை. உடனே பால் கொடுக்கலாம். 302 குழந்தைகளை வைத்து நடந்த 5 ஆய்வுகளைத் தொகுத்த 2017 காக்ரேன் மதிப்பாய்வில் தாயின் வலி சில காலத்துக்குக் குறைந்தது தெரிந்தது. பால் குடிப்பது உறுதியாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. கத்தரியைவிட லேசர் மேல் என்பதற்கும் ஆதாரமில்லை. வெட்டுமுன் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ கீறவே கூடாது. அடியில் ரத்தக்குழாய்களும் எச்சில் நாளமும் இருக்கின்றன.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தனியாரிடம் போனால் ஏன் வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு செலவு என்று கேட்டுத் தெரிந்த பிறகே கையெழுத்திடுங்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் குறை இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மருத்துவமனையில் பால்மாவு டப்பாவை விளம்பரமாகக் கையில் கொடுத்தால், அது பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கும் 1992 சட்டப்படி குற்றம்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எழுப்பியும் எழாமல் குழந்தை துவண்டு கிடந்தால், நடுராத்திரியானாலும் 108ஐ அழையுங்கள்.