நடுக்குவாதம் முற்றும்போது கூடவே வரும் நோய்கள்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், தொடர்ந்து மூன்று கூட்டம் வராத உறுப்பினருக்கு அபராதம் போடலாமா என்று பேச்சு நடந்தது. "அவங்க மாமியாருக்கு முடியல, அதான் வரல" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கூட்டம் முடிந்ததும் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். மாமியாருக்குப் பதினோரு வருடமாக நடுக்குவாதம். டாக்டர்கள் பார்க்கின்சன் நோய் என்று சொல்வது இதைத்தான். இப்போது படுத்த படுக்கை. "ரெண்டு நாளா கண்ணே திறக்கல மேடம். உடம்பு சுடுது. வியாதி முத்திடுச்சு, இனி ஆஸ்பத்திரி எதுக்குன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க" என்றார் அந்த உறுப்பினர்.

நாங்கள் கட்டாயப்படுத்தித்தான் 108-ஐ வரவழைத்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நிமோனியா. ஊசி மருந்து போட்டு ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நடுக்குவாதம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவரை அன்றைக்குக் கொண்டு போகப் பார்த்தது நடுக்குவாதம் அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு நோய். இந்த வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவது நடுக்குவாதம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இங்கிலாந்து டாக்டர் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே வந்துவிட்டது. முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. மாத்திரையால் பல வருடம் சமாளிக்கலாம். கடைசிக் காலத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் கூட வரும் நோய்கள்தான். அதில் முதல் இடம் நிமோனியாவுக்கு.

காரணம் தொண்டையில் இருக்கிறது. இந்த நோய் கை காலை மட்டும் கட்டிப்போடுவதில்லை, விழுங்கும் தசையையும் மந்தமாக்கும். சாப்பாடு உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். இவர்களுக்கு இருமும் பலம் இல்லை. சிலருக்கு இருமலே வராமல் சத்தமில்லாமல் உள்ளே போகும். சாப்பிட்டதும் குரல் சளி கட்டியதுபோல் மாறுவது, வாயிலேயே சோற்றை அடக்கி வைத்திருப்பது, அடிக்கடி காய்ச்சல் வருவது, எடை குறைவது இதெல்லாம் அடையாளம்.

படுக்க வைத்து ஊட்டவே கூடாது. முதுகுக்குத் தலையணை கொடுத்து நேராக உட்கார வைத்து, தாடை லேசாகக் கீழே குனிந்திருக்க, சின்ன ஸ்பூனில் ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். கெட்டியான கூழை விடத் தண்ணீர், காபி, ரசம்தான் சீக்கிரம் புரையேறும். குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோல் வாயில் ஊற்றிவிடாதீர்கள். தினமும் இரண்டு வேளை வாயைச் சுத்தம் செய்யுங்கள். வாயில் இருக்கும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது.

அடுத்தது சிறுநீர்த் தொற்று. சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தங்குவதாலும், டியூப் போட்டிருப்பதாலும் வரும். வயதானவர்களுக்கு இதில் காய்ச்சல்கூட வராமல் போகலாம். நேற்று வரை பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறுவார். மலச்சிக்கல் இந்த நோயில் ரொம்ப சாதாரணம், அது சிறுநீரையும் அடைக்கும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று நிலைமை மாறினால் "முத்திடுச்சு" என்று முடிவு செய்யாமல், எங்காவது தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுக்குவாதம் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாகத்தான் முற்றும்.

இன்னொரு விஷயத்தைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். "மூலையில ஒரு புள்ள உட்கார்ந்திருக்கு, வெளிய போகச் சொல்லு" என்று பெரியவர் சொல்வார். வீட்டில் எல்லோரும் பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. இந்த நோயில் பலருக்கு ஆளோ, நாயோ, பூனையோ இல்லாதது இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். நோயாலும் வரும், மாத்திரையாலும் வரும், தொற்றாலும் வரும். அவரோடு சண்டை போட வேண்டாம். விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரிடம் சொல்லுங்கள். மறதியும் மனச்சோர்வும்கூட இந்த நோயின் பகுதிதான், பிடிவாதம் என்று திட்டாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஆகிய மருந்துகள் நடுக்குவாதத்தை அதிகமாக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "இவங்களுக்குப் பார்க்கின்சன் இருக்கு" என்று சொல்லி மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். நடுக்குவாத மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. விழுங்க முடியவில்லை என்றால் எப்படிக் கொடுப்பது என்று அன்றைக்கே கேளுங்கள்.

நடமாட்டம் இருப்பவருக்கு, எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் படுக்கையாகிவிடவும் கூடும். படுக்கையில் சற்று உட்கார்ந்த பிறகே எழுப்புங்கள். பழைய பிரஷர் மாத்திரை அதே அளவில் இன்னும் வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

படுத்துவிட்டவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முதுகின் அடி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை அமுக்கியும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். புண்ணில் மஞ்சள், பவுடர் எதையும் அப்பாதீர்கள்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் வரும். தூக்கம் கூடும், சாப்பாடு வேண்டாம் என்பார். அது பட்டினி போடுவது ஆகாது, உடம்பு கேட்பதை நிறுத்திவிட்டது. ஊட்டியே ஆகணும் என்று திணித்தால் மூச்சுத்தான் திணறும். உறவினர்கள் வாயில் பால் ஊற்றும்போதும் இதே கதைதான். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் போதும். வலி, மூச்சுத்திணறலுக்கு மருந்து உண்டு. இதற்கென்றே நோய் ஆதரவு சிகிச்சை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் இந்தச் சேவையும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள். டியூப் வழியாகச் சாப்பாடு வேண்டுமா, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி போக வேண்டுமா என்பதை அவர் பேச முடியும்போதே அவரிடமே கேட்டு வைப்பது நல்லது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்ட குடும்பங்களில், கடைசி ராத்திரியில் மகனும் மகளும் சண்டை போட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்தக் குழுவில் அபராதம் போடவில்லை. வீட்டிலிருந்தே சேமிப்பை வாங்கிக்கொள்வது என்றும், கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரம் யாராவது ஒரு உறுப்பினரின் மகள் போய் மாமியார் பக்கத்தில் உட்காருவது என்றும் தீர்மானம் போட்டார்கள். இந்த மாதக் கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார். மாமியாரை எப்படிப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது என்று மற்றவர்களுக்குச் செய்து காட்டியதும் அவர்தான்.