சுராங்கனிக்குக் கொண்டுவந்த மீன்



எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் 'சுராங்கனி' ஒலித்தால் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஆடுவோம். அதில் வரும் 'மாலு' என்னவென்று யாரும் கேட்டதில்லை. இங்கே அஜ்மானில் என்னோடு இரவுப் பணி பார்க்கும் சிங்களச் செவிலிதான் சொன்னாள், மீனாம்.

பிறகு தேடிப் படித்தேன். அதன் தாளம் பைலா. நடனத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். போர்த்துக்கீசியர் காலத்தில் இலங்கைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் இசையும் அதில் கலந்தது. போலீஸ்காரரான வாலி பாஸ்டியன் அந்தத் தாளத்தில் சிங்களப் பாட்டுகளைப் பாடிப் பரப்பினார். 'சுராங்கனி'யைச் சிங்களமும் தமிழும் கலந்து பாடித் தமிழ்நாடு வரை கொண்டுவந்தவர் ஏ.ஈ. மனோகரன், நம் 'சிலோன் மனோகர்'. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் பாடினார். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.

எங்கள் வார்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். 1983இல் கொழும்பில் வீட்டை இழந்தவர். அந்தத் தோழி கொடுத்த மாத்திரையை வாங்க மறுத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அது எங்கட மனோகரன்ட பாட்டு, பிள்ளை" என்றார்.

பாட்டின் பெயர் காதில் விழுந்ததும் பைலா தங்களுடையது என்றாள் அவள். கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. தீர்ப்பு வரவில்லை. மாத்திரையை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.