ஆல்போர்ட் நோய்த்தொகை

ஆல்போர்ட் நோய்த்தொகை என்பது சிறுநீரகம், காது, கண் ஆகிய உறுப்புகளைப் பாதிக்கும் ஒரு மரபுவழி நோய் ஆகும். சிறுநீரில் குருதி கலத்தலும் காது கேளாமையும் தலைமுறைகளாகத் தொடர்ந்த ஒரு பிரித்தானியக் குடும்பத்தைப் பற்றி, தென்னாப்பிரிக்காவில் பிறந்த மருத்துவர் செசில் ஆல்போர்ட் 1927 ஆம் ஆண்டில் எழுதினார். அக்குடும்பத்தில் ஆண்களே கடுமையாகப் பாதிக்கப்பட்டதை அவர் சுட்டிக்காட்டினார். பின்னர் இந்நோய்க்கு அவரது பெயரே இடப்பட்டது.

காரணம்

சிறுநீரகத்திலுள்ள கலன்கோளங்கள் எனப்படும் நுண்ணிய குழாய் முடிச்சுகளில் குருதி வடிகட்டப்படுகிறது. வடிகட்டும் சுவரின் நடுவே உள்ள மென்சவ்வு, நான்காம் வகைக் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன வலை போன்றது. அப்புரதத்தின் ஆல்ஃபா-3, ஆல்ஃபா-4, ஆல்ஃபா-5 ஆகிய மூன்று இழைகளும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால்தான் வலை உறுதி பெறும். ஓர் இழை பழுதானாலும் இவ்வமைப்பு முறையாக உருவாவதில்லை. எனவே முதலில் குருதிச் சிவப்பணுக்களும் பின்னர் புரதமும் சிறுநீரில் கசிகின்றன. நாளடைவில் கலன்கோளங்கள் தழும்பேறிச் செயலிழக்கின்றன. இதே கொலாஜன் உட்செவியிலும் கண்வில்லையின் உறையிலும் இருப்பதால் அவையும் பாதிப்படைகின்றன.

மரபுவழிக் கடத்தல்

ஆல்ஃபா-5 இழைக்குரிய மரபணு எக்ஸ் நிறப்புரியிலும், மற்ற இரு இழைகளுக்குரியவை 2 ஆம் நிறப்புரியிலும் உள்ளன. எக்ஸ் நிறப்புரி சார்ந்த வகையில், ஆண்களுக்கு ஒரே எக்ஸ் நிறப்புரி இருப்பதால் நோய் கடுமையாகிறது. சிகிச்சை பெறாத ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 25 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழக்கிறது. நோயுள்ள தந்தையிடமிருந்து பழுதான மரபணு மகள்கள் அனைவருக்கும் செல்லும், மகன்களுக்குச் செல்லாது. அம்மரபணுவை உடைய தாயிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்ல 50% வாய்ப்பு உண்டு.

இப்பெண்கள் முற்காலத்தில் நோயைக் கடத்துபவர்களாக மட்டுமே கருதப்பட்டனர். ஆனால் அவர்களிலும் பலருக்கு முதுமையில் சிறுநீரகம் செயலிழப்பது பின்னர் அறியப்பட்டது. ஆகவே மகனுக்குச் சிறுநீரகம் அளிக்க முன்வரும் தாயை முதலில் சோதிப்பது இன்றியமையாதது.

சிகிச்சை

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனினும் ராமிப்ரில் போன்ற மருந்துகள் புரதக் கசிவைக் குறைத்து, செயலிழப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றன. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் பயன் கூடுதலாகும். மாற்றுச் சிறுநீரகத்தில் இயல்பான கொலாஜன் இருப்பதால் அதில் இந்நோய் மீண்டும் தோன்றுவதில்லை. ஆனால் மிகச் சிலரில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி, தான் முன்பு அறிந்திராத அக்கொலாஜனை அயற்பொருளாகக் கருதித் தாக்குவதுண்டு.