துடிக்கும் திரைக்குக் காரணம் எது?

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை கணினியைத் தொட்டறியாத எத்தனையோ இல்லங்களுக்குள் அக்கருவி நுழைந்தது. பஞ்சாலையும் தறியும் வயலுமாக வாழும் நம் சேத்தூர், இராசபாளையம் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. அக்காள் வைத்திருந்த கணினியில் தம்பி படிக்கிறான். கல்லூரி விண்ணப்பமும் வேலை விண்ணப்பமும் அதிலேயே எழுதப்படுகின்றன. ஆகவே, ஒரு மாலையில் அதன் திரை விட்டுவிட்டுத் துடிக்கத் தொடங்கினால் அது சிறு தொல்லையன்று. "திரை போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும்" என்ற சொல்லைக் கேட்டவுடன் வட்டிக்குப் பணம் தேடும் பெற்றோரும் நம்மிடையே உண்டு.

அன்புக்குரிய பெற்றோரே, சற்றுப் பொறுங்கள். திரை துடிப்பதாலேயே திரைதான் கெட்டது என்று முடிவு செய்வது, நெற்றி சுடுகிறதென்று நெற்றிக்கு மட்டும் மருந்து பூசுவதற்கு ஒப்பாகும். குருமடத்தில் தர்க்கம் பயின்றோர் அறிந்த விதி ஒன்றுண்டு: மற்ற யாவற்றையும் அப்படியே விட்டு, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. விளைவும் உடன் மாறினால், காரணத்தை அங்கேதான் தேட வேண்டும். பாவசங்கீர்த்தனத்திற்கு முன் ஆன்ம சோதனை செய்வது போல, இங்கும் அவசரமின்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்போம்.

முதலில், கணினியை இயக்கிவிட்டு அதன் மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்வுக்கேற்பத் துடிப்பு கூடியும் குறைந்தும் வருமாயின், ஐயம் கேபிளின்மேல் விழ வேண்டும். உள்ளிருக்கும் தாய்ப்பலகையிலிருந்து படத்தைத் திரைக்குக் கொண்டு செல்லும் மெல்லிய கேபிள், மூடியின் கீல் வழியாகவே செல்கிறது. மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் அது வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து நைந்துபோகும்; அன்றேல் அதன் முனை பொருத்திலிருந்து நெகிழ்ந்துவிடும். ஒரு மூலையைப் பிடித்து மூடியை வெடுக்கென்று தூக்கும் பழக்கம் இக்கேட்டை விரைவுபடுத்துகிறது. நடுவில் பிடித்துத் திறக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். கேபிளின் விலை திரையின் விலையில் சிறு பங்கே. நெகிழ்ந்த முனையை மீண்டும் அழுத்திப் பொருத்துவதாலேயே குணமான கணினிகளும் பல.

இரண்டாவதாக, எச்.டி.எம்.ஐ. கம்பியால் கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணையுங்கள். தொலைக்காட்சியில் படம் அசையாமல் நிற்க, கணினித் திரை மட்டும் துடித்தால், கோளாறு பெரும்பாலும் திரையிலோ கேபிளிலோ இருக்கும். இரண்டுமே துடித்தால் புதுத்திரை வாங்குவது வீண் செலவு. படத்தை ஆக்கித் தரும் பகுதியையோ அதை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளையோ கவனிக்க வேண்டும்.

மென்பொருளைச் சோதிக்கக் காசு வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியாயின் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மற்றவை துடிக்க அது மட்டும் அசையாதிருந்தால், ஒத்துவராத செயலி ஏதேனும் காரணமாகலாம். அண்மையில் சேர்த்ததை நீக்கிப் பாருங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவரைப் புதுப்பிக்கலாம், அல்லது முந்தைய பதிப்புக்குத் திருப்பலாம். விண்டோஸ் தொடங்குமுன் தோன்றும் நிறுவன முத்திரையே துடிக்குமாயின் மென்பொருளைக் குறை கூறுவதில் பயனில்லை.

நம்மவர் பலர் உடனே மின்னழுத்தத்தைப் பழிப்பர். சார்ஜரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. சிறு ஏற்ற இறக்கம் அவற்றை எளிதில் பாதிக்காது. எனினும் சார்ஜரைக் கழற்றியதும் துடிப்பு நின்றால், சார்ஜர் பழுதாகியிருக்கலாம். சுவர்ப் பொருத்தோ நில இணைப்போ சரியில்லாமலும் இருக்கலாம். வேறொரு தகுந்த சார்ஜரை இரவல் வாங்கிச் சோதியுங்கள்.

ஒன்றில் மட்டும் துணிவு காட்ட வேண்டாம். கணினியின் அடிப்புறமோ விசைப்பலகையோ உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அது தீப்பற்ற வல்லது. உடனே நிறுத்திச் சார்ஜரைக் கழற்றி, அழுத்தாமலும் குத்தாமலும் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழுது பார்ப்பவரிடம் போகும்போது, "திரை கெட்டுவிட்டது" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூடியைச் சாய்த்தபோது என்ன நேர்ந்தது, தொலைக்காட்சியில் எப்படித் தெரிந்தது என்று கண்டதைச் சொல்லுங்கள். நேர்மையான தொழிலாளிக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். மற்றவருக்கு, நீங்கள் விவரம் அறிந்தவர் என்பது விளங்கும்.

திரை இருண்டாலும் அதனால் உள்ளிருக்கும் கோப்புகள் அழிவதில்லை. தொலைக்காட்சியில் இணைத்து, சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் பென்டிரைவில் படியெடுத்த பின்னரே கடைக்கு அனுப்புங்கள். தேர்வு நெருங்கிய வேளையாயின் மாணவன் அத்தொலைக்காட்சியிலேயே சில நாள் படிக்கலாம். வீட்டார்தாம் மாலைத் தொடர்களை விட்டுக்கொடுக்க நேரிடும்.