நரம்புச் சிலந்தி: மருந்தில்லாமல் விரட்டிய கதை

முதலில் காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் குளத்திலோ குட்டையிலோ காலை வைத்தால் கொப்புளம் உடைந்து, சேமியா தடிமனில் வெள்ளையாக ஒரு புழு தலைநீட்டும். அதைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிட முடியாது. பாதியில் அறுந்தால் உள்ளே நின்றுபோன மிச்சம் புண்ணாகிச் சீழ் கட்டி, ஆளையே படுக்கையில் தள்ளிவிடும். அதனால் முனையை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று பொறுமையாக வெளியே எடுப்பார்கள். புழுவின் நீளமோ 60 முதல் 100 சென்டிமீட்டர். முழுதாக வந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வயல் வேலையும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது.

இதுதான் நரம்புச் சிலந்தி. கினிப் புழு நோய் என்றும் சொல்வார்கள். எகிப்திய மம்மி ஒன்றின் வயிற்றுச் சுவரில் சுண்ணாம்பாக இறுகிப்போன இந்தப் புழு கிடைத்திருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸில் குச்சியில் சுற்றி எடுக்கும் வைத்தியம் இருப்பதாக ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். 3,500 ஆண்டுகள் ஆகியும் வைத்தியம் மாறவில்லை. புழுவைக் கொல்லும் மாத்திரை இன்றும் கிடையாது. தடுப்பூசியும் இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்ற எதிர்ப்புச் சக்தியும் உண்டாவதில்லை. ஒரே ஆளுக்கு வருடா வருடம் வரும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று புழுக்கள்கூட வெளிவரும்.

1986-இல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்துகொண்டிருந்ததாக மதிப்பிட்டார்கள். 2024-இல் உலகம் முழுவதும் தேடிக் கண்டுபிடித்த நோயாளிகள் 15 பேர். லட்சக்கணக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்ததில் எந்த மருந்துக்கும் பங்கில்லை. கொள்ளைநோய் என்றதுமே ஊசி எப்போது வரும் என்று கேட்டுப் பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

எப்படி முடிந்தது என்று புரிய, புழு எப்படி வாழ்கிறது என்று தெரிய வேண்டும். நோயாளி காலைத் தண்ணீரில் வைத்தவுடன் பெண் புழு லட்சக்கணக்கான இளம்புழுக்களைக் கக்கிவிடுகிறது. அவை தாமாக மனித உடம்புக்குள் நுழைய வல்லவை அல்ல. குளத்து நீரில் துள்ளித் திரியும் சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய உயிரி அவற்றை விழுங்க வேண்டும். ஒரு டம்ளர் குட்டைத் தண்ணீரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இழுத்து இழுத்து நகரும் வெள்ளைப் புள்ளியாக அது தெரியும். ஒன்று, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இராது. அதன் வயிற்றுக்குள் இரண்டு வாரம் இருந்த பிறகுதான் இளம்புழு அடுத்த ஆளைத் தொற்றும் பருவத்துக்கு வரும். அந்தத் தண்ணீரை யாராவது குடித்தால் சைக்ளாப்ஸ் இரைப்பையில் செத்துப்போகும், புழு பிழைத்துக்கொள்ளும். குடல் சுவரைத் துளைத்து வெளியேறி, இணைசேர்ந்து, ஆண் புழு செத்தபின் பெண் புழு மட்டும் தோலுக்கடியில் மெல்ல நகர்ந்து காலுக்கு இறங்கும். இத்தனையும் நடக்க ஏறத்தாழ ஒரு வருடம். அதுவரை உள்ளே புழு வளர்வது அந்த ஆளுக்கே தெரியாது.

சைக்ளாப்ஸின் பங்கை முதலில் கண்டறிந்து சொன்னவர் அலெக்சி ஃபெட்சென்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர். துருக்கிஸ்தான் பயணத்தின்போது, 1870-இல். அப்போதே விடை கையில் வந்துவிட்டது: குடிக்கும் தண்ணீரில் சைக்ளாப்ஸ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், அல்லது புழு வந்த காலைத் தண்ணீரில் வைக்காமல் தடுத்தால் போதும். இரண்டில் ஒன்று நடந்தாலே சங்கிலி அறுந்துவிடும். ஆனால் உலகம் சேர்ந்து செயலில் இறங்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆளைக் கொல்லும் நோயாக இருந்தால் சீக்கிரம் கவனித்திருப்பார்கள். இது ஏழை விவசாயியை விதைப்பு நேரத்திலோ அறுப்பு நேரத்திலோ மூலையில் உட்காரவைக்கும் நோய். தென்கிழக்கு நைஜீரியாவில் நெல் விளையும் ஒரு வட்டாரத்தில் மட்டும் இதனால் வருடத்துக்கு 2 கோடி டாலர் வருமானம் போவதாக எண்பதுகளில் யுனிசெஃப் ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது. பணமாகச் சொன்ன பிறகுதான் அரசாங்கங்கள் காது கொடுத்தன என்பது என் எண்ணம்.

இந்தியாவில் இந்த நோய்க்கு வழிவிட்டது படிக்கிணறு. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று ஏழு மாநிலங்கள் நோய்ப் பட்டியலில் இருந்தன. 1984-இல் ஏறத்தாழ 40,000 நோயாளிகள். படிக்கிணற்றில் குடத்தோடு இறங்குகிறவர் கணுக்கால் நனைய நின்றுதான் தண்ணீர் மொண்டாக வேண்டும். அவர் காலில் கொப்புளம் இருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் கிணற்றில் விழும் இளம்புழுக்கள் அடுத்த வருடம் ஊரில் பாதிப் பேரைப் படுக்கவைக்கப் போதும். இதற்கு என்ன செய்தார்கள்? படியை மூடி, சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, கயிறு போட்டு இறைக்கும் கிணறாக மாற்றினார்கள். தோதுப்பட்ட இடத்தில் அடிபம்பு போட்டார்கள். வீட்டுக்கு வீடு வடிகட்டித் துணி கொடுத்தார்கள். மாற்ற முடியாத கிணறுகளில் டெமிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றினார்கள். இதன் வணிகப் பெயர் நமக்கு அத்துப்படி: அபேட். டெங்கு காலத்தில் கொசுப்புழு ஒழிக்க வரும் பணியாளர் நம் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறாரே, அதேதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் சைக்ளாப்ஸ் சாகும். குடிக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது.

1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் இந்தியாவின் கடைசி நோயாளி பதிவானார். அதன்பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை. தகவல் சொல்பவருக்குச் சன்மானம் உண்டு என்று அறிவித்துவிட்டுத் தேடினார்கள். பெரியம்மையின் கடைசிக் காலத்தில், 1975-இல், ஒரு நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் ஆயிரம் ரூபாய் என்று சுவரில் எழுதிப்போட்ட நாடு இது. அந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

ஆப்பிரிக்காவில் பாடு இதைவிடப் பெரிது. அங்கே பல ஊர்களுக்குக் கிணறே கிடையாது. மழையில் தேங்கும் குட்டைதான் குடிநீர். குட்டைக்குச் சுவர் எழுப்ப முடியுமா? ஆகவே வேலை முழுவதும் துணியின் தலையில் விழுந்தது. சாதாரணப் பருத்தித் துணி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வடிய நேரமாகும், பெண்கள் அலுத்துப்போய்த் தூர எறிந்துவிடுவார்கள். மெல்லிய நைலான் இழையில் சீரான கண்களோடு நெய்த துணி அப்படியல்ல. தண்ணீர் சட்டென்று இறங்கும், சைக்ளாப்ஸ் மேலேயே நிற்கும், அலசிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். ட்யூபாண்ட் நிறுவனம் அதை நன்கொடையாகக் கொடுத்தது. பானையின் வாயில் கட்டிக்கொள்ள ஒரு வட்டத் துணி. ஆடுமாடு மேய்க்கப் போகிறவர்களுக்கு, உள்ளே துணி வைத்த ஒரு சிறு உறிஞ்சுகுழாய். கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், குட்டையில் குனிந்து அதன் வழியே குடிக்கலாம். சூடானில் 2001-இல் லட்சக்கணக்கில் இவற்றை விநியோகித்தார்கள்.

துணி என்றதும் வங்கதேசத்து ஆய்வொன்று நினைவுக்கு வருகிறது. காலரா கிருமியும் சைக்ளாப்ஸ் போன்ற உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வது. மத்லாப் பகுதிக் கிராமங்களில் பழைய சேலையை நாலைந்து மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள் ஆய்வாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர். காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003-இல் வெளியிட்டார்கள். அதிலும் துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் உத்தமம். இழைகள் தளர்ந்து விரிவதால் கண்கள் சிறுத்துவிடுகின்றன. புதுச் சேலை அவ்வளவு ஆகாது.

துணி பாதி வேலைதான். மீதிப் பாதியைச் செய்தது கேள்வி. கானாவில் செஞ்சிலுவைச் சங்கப் பெண் தொண்டர்கள், மற்ற நாடுகளில் ஊருக்கு ஓர் ஆள் என்று நியமித்த தன்னார்வலர்கள், வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்: யாருக்காவது கொப்புளம் இருக்கிறதா? இருந்தால் 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த ஆள் அதற்குள் தண்ணீரில் இறங்கியிருக்கக் கூடாது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, புழு முழுதும் வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் ஏழு நாளுக்குள் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் பதிவேட்டில் "கட்டுப்படுத்தப்பட்டது" என்று எழுதலாம். ஒன்று தவறினாலும் எழுதக் கூடாது. இந்தக் கறார்தான் திட்டத்தின் உயிர் என்பேன். ஏனென்றால் இன்று கோட்டைவிட்டால் விளைவு இன்று தெரியாது. அடுத்த வருடம் அதே பருவத்தில் கொப்புளமாகத் தெரியும். ஒரு வருடம் கழித்து வந்து கணக்கு கேட்கும் நோயிடம் சமாளிப்பு எடுபடாது.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கார்ட்டர் மையம் 1986-இல் இந்த வேலையைக் கையில் எடுத்தது. நோய்த் தடுப்பு நிபுணர் டொனால்ட் ஹாப்கின்ஸ் அதன் மூளையாக இருந்தார். 1995-இல் சூடானில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது இரு தரப்பையும் பேசிச் சம்மதிக்கவைத்து, ஏறத்தாழ ஆறு மாதம் துப்பாக்கியை இறக்கவைத்தார் கார்ட்டர். அந்த இடைவெளியில்தான் வடிகட்டியும் வேறு நோய்களுக்கான தடுப்பூசியும் கிராமங்களுக்குள் போயின. ஒரு புழுவுக்காகப் போர் நின்றது என்று சொன்னால் மிகை. ஆனாலும் புழுவின் பெயர் சொல்லித்தான் நிறுத்தினார்கள்.

எல்லா இடத்திலும் நோய் நேர்கோட்டில் இறங்கிவிடவில்லை. கானாவில் 1989-இல் ஏறத்தாழ 1,80,000 நோயாளிகள். 1994-க்குள் பத்தாயிரத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அத்தோடு எல்லோருக்கும் கை சோர்ந்துவிட்டது. வடக்கே இனக்கலவரம் வெடித்தது. பன்னிரண்டு வருடம் இழுபறி. 2006-இல் நாலாயிரத்துக்கு மேல் நோயாளிகள். சவெலுகு என்ற ஊரில் குழாய்த் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்து மக்கள் திறந்த நீர்நிலைத் தண்ணீருக்குத் திரும்பியதும் நோய் குப்பென்று கிளம்பியது. மறுபடி முதலிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கி, 2010-இல்தான் கடைசி நோயாளியைப் பார்த்தார்கள். முதல் 1,70,000-ஐக் குறைக்க ஐந்து வருடம், மிச்சத்தைத் துடைக்கப் பதினாறு வருடம். நைஜீரியா ஆறரை லட்சத்தில் தொடங்கி 2008-இலேயே முடித்துவிட்டது.

எல்லாம் முடிகிற நேரத்தில் நாய் குறுக்கே வந்தது. சாட் நாட்டில் பத்து வருடம் நோயே இல்லை. 2010-இல் திடீரென்று பத்துப் பேருக்கு வந்தது. 2012-இல் பார்த்தால், மனிதரைவிட நாய்களின் காலில் அதிகப் புழு. ஷாரி ஆற்றங்கரையில் கோடையில் வற்றும் குட்டைகளில் மீன் பிடிப்பார்கள், குடலை அப்படியே வீசுவார்கள், நாய் தின்னும். சைக்ளாப்ஸைத் தின்ற மீனுக்குள்ளும் தவளைக்குள்ளும் இளம்புழு உயிரோடு இருக்கக்கூடும் என்று பிறகு தெரியவந்தது. மனிதரைத் தவிர வேறு வீடு இல்லாத புழு என்ற நம்பிக்கையில்தான் அத்தனை திட்டமும் போட்டிருந்தார்கள். 2019-இல் சாட்டில் மட்டும் ஏறத்தாழ 2,000 நாய்களுக்கு நோய். எத்தியோப்பியாவில் பபூன் குரங்குகளுக்கும் வந்திருக்கிறது.

இப்போது அங்கே மீன் குடலைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறார்கள். புழு வந்த நாயைக் கட்டிப்போட்டு வைப்பவருக்குப் பணம் தருகிறார்கள். காசு கொடுத்து நாயைக் கட்டுவதா என்று சிரித்தவர்களும் உண்டு. 2024-இல் சாட்டின் நாய்க் கணக்கு 500-க்குக் கீழே வந்துவிட்டது.

ஒரு நாட்டுக்குச் சான்று வேண்டுமானால் மூன்று வருடம் தொடர்ந்து தேடியும் ஒரு நோயாளிகூட அகப்படக் கூடாது. உலகம் முழுவதற்குமான கெடு 2030. அப்படியானால் 2027-க்குள் கடைசிப் புழு வெளியே வந்து முடிந்திருக்க வேண்டும். அது உடம்புக்குள் போன தண்ணீர் அதற்கும் ஒரு வருடம் முந்தையது. மாலியின் பல பகுதிகளுக்குள் பாதுகாப்பில்லாமல் யாரும் நுழைய முடியவில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் மறுபடியும் போர் மூண்டுவிட்டது. கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று 2015-இல் சொன்ன கார்ட்டர், 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயதில் காலமானார். இந்தத் திட்டத்துக்கு முதலில் வைத்த கெடு 1995. பிறகு 2009, 2015, 2020 என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். 2030-ம் தள்ளிப்போகும் என்றே எனக்குப் படுகிறது. சாட்டின் நாய்களும் எத்தியோப்பியக் குரங்குகளும் நாள்காட்டி பார்ப்பதில்லை.